தோற்றவர் பெயரில் ஒரு பரணி

ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களுள் தலைசிறந்தவர் யார் என்னும் வினா எழும்போதெல்லாம், விடையாக முதலில் எடுத்து வைக்கப்படுவது ஓர் எண்தான். ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் 49 வெற்றி. அவற்றுள் 43 நாக்-அவுட். ஜார்ஜ் ஃபோர்மன் 76 வெற்றிகளில் 68. ஜோ லூயிஸ் 66 வெற்றிகளில் 52. மைக் டைசன் 50 வெற்றிகளில் 44. முகம்மது அலி 56 வெற்றிகளில் 37. இவ்வரிசையை மட்டுமே பார்ப்பவர் அலியைக் கடைசியில் நிறுத்துவார். ஆனால் இக்கலையை நெடுங்காலம் கவனித்தோர் எழுதும் தரவரிசைகளில் பெரும்பாலும் முன்னிற்போர் அலியும் லூயிஸும்தாம். எண்ணுக்கும் மதிப்புக்கும் இடையே இத்தனை தொலைவு ஏன் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

முதலில் அந்த எண் எதை எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். நாக்-அவுட் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது, ஒரே குத்தில் வீழ்ந்து, நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழாமற் கிடக்கும் ஓர் உடல். பதிவேடோ அவ்வளவு கறாரானதன்று. இமை கிழிந்து குருதி நில்லாமையால் நடுவர் நிறுத்திய ஆட்டமும், பயிற்றுநர் துண்டை வீசி முடித்த ஆட்டமும், சுற்றிடைவெளியில் நாற்காலியிலிருந்து எழாதவர் தோற்ற ஆட்டமும் அந்த ஒரே கட்டத்துள் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. 1975 அக்டோபரில் மணிலாவில் அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதிய மூன்றாம் போட்டியை எடுத்துக்கொள்வோம். வெப்பம் வாட்டிய அந்தக் காலைப்பொழுதில் 14 சுற்றுகள் முடிந்திருந்தன. ஃப்ரேசியரின் கண்கள் வீங்கி ஏறத்தாழ மூடிவிட்டன. இன்னும் ஒரு சுற்றே எஞ்சியிருக்க, எழ முயன்ற அவரைத் தடுத்து ஆட்டத்தை நிறுத்தச் சொன்னவர் அவருடைய பயிற்றுநர் எடி ஃபட்ச். வென்ற அலியோ சாவுக்கு மிக அருகில் சென்று வந்ததாகப் பின்னர் கூறினார். அலியின் 37-இல் இதுவும் ஒன்று. வீழ்ந்து கிடந்தவர் எவருமில்லாத நாக்-அவுட் இது.

அடுத்து, யாரை வென்றார் என்னும் வினா. லமார் கிளார்க் என்றொரு வீரர் இருந்தார். 1950-களின் இறுதியில் தொடர்ச்சியாக 40-க்கும் மேற்பட்ட நாக்-அவுட் வெற்றிகளைக் குவித்தவர். எண்ணே அளவுகோலானால் அவர் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டும். 1961-இல் லூயிவில் நகரில், அப்போது காசியஸ் கிளே எனப்பட்ட அலி, அவரை இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்தினார். நம் காலத்து எடுத்துக்காட்டு டியான்டே வைல்டர். 2020 பிப்ரவரியில் களமேறியபோது அவருடைய 42 வெற்றிகளில் 41 நாக்-அவுட். டைசன் ஃப்யூரி அவரை ஏழாம் சுற்றில் நிறுத்தினார். மறு ஆண்டு மீண்டும் மோதியபோது பதினொன்றாம் சுற்றில் வீழ்த்தினார். வைல்டரின் வலக்கை வலிமை பொய்யன்று. அவ்வலிமையைத் தாங்கி எழக்கூடிய ஒருவரை அந்த 41 பேருள் தேடினால் கிடைப்பது அரிது.

இங்கே நமக்குப் பரணி நினைவுக்கு வருகிறது. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனுக்கே பரணி பாடப்பெறும் என்பது பாட்டியல் மரபு. அதாவது, அந்தச் சிற்றிலக்கியத்தின் வாயிலிலேயே ஓர் எண் நிற்கிறது. ஆயினும் நூலுக்குப் பெயரிடும்போது நம் முன்னோர் செய்தது வேறு. செயங்கொண்டாரின் பரணி வென்ற குலோத்துங்கன் பெயரைத் தாங்கவில்லை. தோற்ற கலிங்கத்தின் பெயரைத் தாங்குகிறது. தக்கயாகப் பரணியும் அவ்வாறே. எண்ணிக்கை தகுதியைத் தரலாம். ஆனால் வெற்றியின் அளவைச் சொல்வது தோற்றவர் பெயர்தான் என்பதை அம்மரபு அறிந்திருந்தது போலும்.

இவ்வளவுகோலைக் குத்துச்சண்டைக்கு வைத்துப் பார்க்கலாம். அலியின் பரணிகளுள் ஒன்று ஃபோர்மன் பரணி. 1974-இல் கின்ஷாசாவில் களமேறியபோது ஃபோர்மன் 40 போட்டிகளில் தோல்வியே அறியாதவர்; 37 பேரை நாக்-அவுட் செய்தவர்; வயது 25. ஓராண்டுக்கு முன் கிங்ஸ்டனில் ஃப்ரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் வீழ்த்தியவர். அவரை 32 வயது அலி எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். பதிவேட்டில் இதன் மதிப்பு ஒன்றுதான். வலுவற்ற எவரையோ வீழ்த்தினாலும் அதே ஒன்றுதான்.

மார்சியானோவுக்கு எப்பெயரைச் சூட்டுவது? பலர் உடனே லூயிஸ் பெயரைச் சொல்வர். நாம் உடன்படோம். 1951 அக்டோபரில் மார்சியானோவிடம் எட்டாம் சுற்றில் தோற்ற லூயிஸ், 37 வயதில் வரிக்கடன் நெருக்க மீண்டும் களமேறிய ஒருவர். 1937 முதல் 1949 வரை பட்டத்தைக் காத்து, 25 முறை வென்ற அந்தப் பழைய லூயிஸ் அல்லர். அன்றிரவு மார்சியானோவே கண்ணீர் விட்டார் என்பர். அவருக்குரியது வால்காட் பரணி. 1952 செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட் முதற்சுற்றிலேயே அவரைத் தரையில் வீழ்த்தினார். பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் வால்காட்டே முன்னணியில் இருந்தார். பதின்மூன்றாம் சுற்றில் விழுந்த ஒரு வலக்கைக் குத்து பட்டத்தை மாற்றியது. வால்காட்டுக்கும் அப்போது 38 வயது. எனினும் அவர் அன்று வென்றுகொண்டிருந்த சாம்பியன். ஆகவே அகவை மட்டும் அளவாகாது. அந்நாளில், அந்நேரத்தில் எதிராளி எந்நிலையில் நின்றார் என்பதே அளவு. 1994-இல் 45 வயது ஃபோர்மன், ஒன்பது சுற்றுகள் பின்தங்கியிருந்து, பத்தாம் சுற்றில் 26 வயது மைக்கேல் மூரரை வீழ்த்தியதும் அதனாலேயே பெரிது.

விடைத்தாள் திருத்துவது நம் தொழில். ஆதலால் எண்ணின் மீது நமக்குப் பகை கிடையாது. லூயிஸின் 25 என்னும் எண் பன்னிரண்டு ஆண்டு உழைப்பைச் சொல்கிறது. அதை வேறெவ்வகையிலும் அத்துணைச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. ஆனால் எவ்வினாத்தாளுக்குப் பெற்ற மதிப்பெண் என்று கேளாமல் இரு மாணவரை ஒப்பிடுவது அறமாகாது. அத்துடன், தோல்வியும் ஒரு விடைத்தாள்தான். 1936-இல் மேக்ஸ் ஷ்மெலிங்கிடம் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்ந்த லூயிஸ், 1938-இல் அதே ஷ்மெலிங்கை 124 விநாடிகளில் முடித்தார். லெனாக்ஸ் லூயிஸ் தம்மை வீழ்த்திய இருவரையும் மீண்டும் அழைத்து வீழ்த்தினார். தோல்வியே இல்லாத பதிவேட்டில் இத்தகைய பக்கம் எழுதப்பட வாய்ப்பே இல்லை.

இவையெல்லாவற்றையும் விடக் கனமான ஒன்று எஞ்சியிருக்கிறது. 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியொன்றில் ஆடினார். எம்.ஜி.ஆருடன் அவர் நிற்கும் புகைப்படத்தை இன்றும் காணலாம். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தவர். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், 38 வயதில், லேரி ஹோம்ஸை எதிர்த்து மீண்டும் களமேறினார். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக நின்றவர். பத்துச் சுற்றுகள் அடிபட்ட பின் ஏஞ்சலோ டண்டி ஆட்டத்தை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் அழுதார். நான்கு ஆண்டுகளில் அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பது கண்டறியப்பட்டது. 1988 ஜனவரியில் அதே ஹோம்ஸ், அதே 38 வயதில், ஓய்விலிருந்து திரும்பி வந்து டைசனிடம் நான்காம் சுற்றில் வீழ்ந்தார். லூயிஸ் மார்சியானோவின் 43-இல் ஒன்று. அலி ஹோம்ஸின் 44-இல் ஒன்று. ஹோம்ஸ் டைசனின் 44-இல் ஒன்று.

ஜெரி குவாரியின் பெயரையும் சொல்லியாக வேண்டும். அலி இருமுறை, ஃப்ரேசியர் இருமுறை அவரை நிறுத்தினர். இரு பெருவீரர்களின் கணக்கில் நான்கு அலகுகளாக அவர் இருக்கிறார். தொடர்ந்து தலையில் வாங்கிய அடிகளால் மூளை சிதைந்து, பிறர் உதவியின்றி உண்ணவும் உடுக்கவும் இயலாதவராகி, 1999-இல் தம் 53-ஆம் வயதில் மறைந்தார். குத்துச்சண்டை வீரர்களுக்கு நேரும் இம்மூளைச் சிதைவை ஹாரிசன் மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். ஆகவே அறியாமல் நடந்தது என்று எவரும் சொல்ல இயலாது. நாக்-அவுட் எண்ணிக்கை என்பது ஒரு பக்கம் வரவென்றால் மறுபக்கம் செலவு. அச்செலவு வேறொருவர் ஏட்டில் எழுதப்படுவதால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இவ்வளவும் அறிந்தும் கின்ஷாசாவின் எட்டாம் சுற்றை நாம் மீண்டும் மீண்டும் பார்க்கிறோம்; இனியும் பார்ப்போம். அந்த அழகை மறுக்க நம்மால் இயலாது. ஆனால் பார்க்கும் கண்ணுக்கு ஒரு கடமை உண்டு. யார் பெரியவர் என்று வழக்காடும்போது எண்ணை மட்டும் சொல்லாமல், அந்த எண்ணுக்குள் இருக்கும் பெயர்களையும் சேர்த்துச் சொல்லலாம். வாசகர்கள் தத்தம் விருப்ப வீரருக்கு ஒரு பரணிப் பட்டியல் எழுதிப் பார்க்கட்டும். ஃபோர்மன், ஃப்ரேசியர், லிஸ்டன், குவாரி என்று அலியின் பட்டியலை எழுதத் தொடங்கினால், அவர் ஏன் முன்னிற்கிறார் என்பது விளங்கும். குவாரி என்று எழுதும் இடத்தில் கை சற்றே தயங்கும். தயங்கட்டும், அத்தயக்கமும் மதிப்பீட்டின் ஒரு பகுதிதான்.