புஜ்ஜியின் குறட்டை

"அக்கா, புஜ்ஜி ஹீட்டுக்கு வந்திருக்காமே? நம்ம பையன் சும்மாத்தான் இருக்கான். கிராஸ் விட்டுடலாமா?"

பையன் என்று செல்போன் கடைத் தம்பி சொன்னது அவர் வீட்டு ஆண் பக் நாயை. கணக்கையும் அவரே முடித்துவிட்டார்: ஒரு குட்டி அவருக்கு, மற்றதெல்லாம் எனக்கு. "மூக்கு எவ்வளவு சப்பையோ அவ்வளவு விலைக்கா!"

புஜ்ஜி என்பது தெலுங்குச் செல்லப்பெயர். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தை விட்டு எங்கள் ஊர் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டது. தெலுங்கு மட்டும் எங்கள் நாக்கிலேயே தங்கிவிட்டது. இனத்தின் பெயரும் அப்படித்தான். 2003-இல் வந்த ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு பையன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போனது ஒரு பக். கம்பெனியின் பெயர் மாறிய பிறகும் எங்கள் தெருவில் அது 'ஹட்ச் நாய்'தான். என் மகளும் அப்படிச் சொல்லித்தான் அடம்பிடித்தாள்.

பின்னாலேயே வரும் என்று நம்பி, ஒரு நாள் விடியற்காலையில் மலைக்கோயில் படிப் பக்கம் கூட்டிப்போனேன். மொத்தம் 365 படி, வருஷத்தின் நாளுக்கு ஒன்று. புஜ்ஜி ஜனவரியைக்கூடத் தாண்டவில்லை. உட்கார்ந்துவிட்டாள். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். நீள மூக்குத் தெருநாய் ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டே விறுவிறுவென்று மேலே ஏறிப்போனது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அதுவரை அவள் குறட்டை எங்களுக்கு வேடிக்கை. வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறோம். கால்நடை டாக்டர் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேடிக்கை இல்லம்மா, மூச்சுக்குப் போராடுது." முகம் அழகாக இருக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக மண்டையைக் குட்டையாக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கும் சதை குட்டையாகவில்லை. மூன்று அறைச் சாமானை ஓர் அறைக்குள் திணித்த வீடு மாதிரி, மேலண்ணச் சதை தொண்டையில் தொங்குகிறது. மூக்குத் துவாரமோ வெறும் கீறல். நாய்க்கு நம்மைப்போல் வியர்த்துக் கொட்டாது. இளைத்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், இளைக்கவே முடியாத நாய்!

எதிர்வீட்டு அத்தைக்கு இதெல்லாம் ஒரு காரணமே இல்லை. "ஒரு தடவையாவது குட்டி போடணும்மா, இல்லேன்னா பாவம்." கல்யாணமான ஆறாம் மாதத்திலிருந்து என்னைக் கேட்ட அதே குரல். புஜ்ஜிக்கு அந்த ஏக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தெருவுக்குத்தான் இருந்தது.

குட்டிகளுக்குத் தலை பெரிது, வழியில் சிக்கும், பெரும்பாலும் சிசேரியன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடுராத்திரியில் சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் பணமும் பயமும் பெரிய விஷயமில்லை, சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத கேள்வி வேறு. பிறக்கும் குட்டிகள் எந்த மூக்கால் மூச்சுவிடும்?

நெதர்லாந்தில் இதற்கு 2019 முதல் ஓர் அளவே வைத்திருக்கிறார்கள். மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக மூக்கு இருந்தால் அந்த நாயை இனவிருத்திக்கு விடக்கூடாது. மகளின் ஸ்கேலை எடுத்துப் புஜ்ஜியின் மூக்கை அளக்கப் போனேன். ஸ்கேலை வைக்க இடமில்லை. அவள் அதை நக்கினாள்.

தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இனவிருத்தி செய்யக்கூடாதென்று 11 அயல்நாட்டு இனங்களைப் பட்டியலிட்டது. அதில் பக்கும் இருந்தது. தம்பியிடம் சொன்னேன். அசரவில்லை. "இங்க கூடாதுன்னா ஆந்திரா பக்கம் நகரியில விட்டுக்கலாம்க்கா. பார்டர் தாண்டினா யாரு கேக்கறது?"

சிரித்துவிட்டேன். எங்கள் ஊரே ஒரு காலத்தில் எல்லை தாண்டி வந்ததுதான். ஆனால் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பிறந்தால் குட்டிக்கு மூக்கு நீண்டுவிடுமா?

புஜ்ஜி தெரியாமல் வாங்கி வந்த நாய். அவளைக் கடைசிவரை நன்றாக வைத்துக்கொள்வது என் கடமை. தெரிந்த பிறகு அவளைப்போல் இன்னும் நாலு பேரை உண்டாக்கினால் அது வேறு கணக்கு. "வேண்டாம் தம்பி" என்றேன். "உங்க இஷ்டம்க்கா" என்று போனார். முகம் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது.

இனிக் கருத்தடை செய்ய வேண்டும். இவளுக்கு மயக்க மருந்தும் ஆபத்துதான். மார்கழிக் குளிரில் பார்த்துச் செய்யலாம் என்கிறார் டாக்டர். அதுவரை நடை விடியற்காலை ஐந்து மணிக்கு, கழுத்துப் பட்டை இல்லாமல், மார்பு வாரோடு.

இதை எழுதும்போது மின்விசிறிக்கு நேர் கீழே மல்லாந்து தூங்குகிறாள், கரகரவென்று. இவள் காலத்துக்குப் பிறகு இந்த வீட்டில் நாய்க் குறட்டை கேட்காது. வீட்டுக்காரருடையது போதும்.