கொத்துக்கடலையும் கொடிக்கடலையும்

குஜிலியம்பாறைப் பக்கம் மழையைக் குறை சொன்னால் பெரியவர்களுக்குப் பொறுக்காது. தென்மேற்குப் பருவ மழையை மலைகளே வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு மிஞ்சுவது ஆடிக்காற்றும் புழுதியும்தான். ஐப்பசியில் நாலு மழை இறங்கினால் அந்த வருசம் பிழைப்பு. இடி இடித்தாலே அப்பத்தா கும்பிடும்.

1977இல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. நாங்கள் மதுரை மாவட்டத்துக்காரர்கள். மானாவாரிக் காட்டில் வழக்கமாக நாலு மாசத்துக்கு மேல் கிடக்கும் கொடிக்கடலைதான் போடுவோம். அந்த ஆடியில் அப்பா கொத்துக்கடலைக்கு மாறினார். நூறு நாள் சொச்சத்தில் காய் திரண்டுவிடும். தூரோடு கொத்தாக வரும். வெட்டித் தோண்ட வேண்டாம். வரப்போரத்துத் துண்டில் மட்டும் அப்பத்தா பிடிவாதமாகப் பழைய விதையையே ஊன்றியது.

ஐப்பசிக் கடைசியில் கொத்து முற்றி நின்றது. செம்மண் இறுகிப்போய், பிடுங்கினால் செடி கையோடு வந்தது, காய் மண்ணில் நின்றது. "ஒரு தூத்தல் விழட்டும், நோகாமப் புடுங்கலாம்" என்று அப்பா பொறுத்தார். ஆட்களும் தீபாவளிக்குப் போயிருந்தார்கள்.

தூறல் கேட்டவருக்குப் புயல் வந்தது. நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையேறியது, உள்நாட்டைக் குறுக்கே கடந்து அரபிக்கடல் பக்கம் போனது. வழியில் நாங்கள் இருந்தோம். அந்த வெள்ளத்தில்தான் அழகாபுரியில் குடகனாற்று அணை உடைந்தது. பெரியவர்கள் அந்த வருசத்தைச் சொல்லும்போது இன்றும் அணையைத்தான் சொல்வார்கள். எனக்கு ஞாபகம் வருவது எங்கள் காட்டு வாடை: ஊறிய செடியும் புளித்த மண்ணும் கலந்த ஒரு நெடி.

மழை விட்டு, சேற்றில் கால் வைக்க முடிந்த அன்றைக்கு அப்பா ஒரு செடியைப் பிடுங்கினார். காயின் மூக்கு பிளந்து, வெள்ளை வேர் வளைந்து வெளியே நீட்டியிருந்தது. அடுத்த செடியும் அப்படியே. கொத்துக்கடலைக்கு விதையுறக்கம் கிடையாது. முற்றிய பருப்பில் ஈரம் பட்டால் செடியில் இருக்கும்போதே முளைத்துவிடும். கொடிக்கடலை அப்படியில்லை, ஈரத்திலும் சிலகாலம் தூங்கும். அப்பத்தாவின் துண்டில் இன்னும் முற்றாத காய் ஒரு சேதமும் இல்லாமல் கிடந்தது. அப்பத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அப்பாவுக்குச் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும்.

காம்பு அழுகி மண்ணில் தங்கிய காயைக் களைக்கொத்தால் கிளறிப் பொறுக்கும் வேலை எங்களுக்கு. பாறை மேல் விரித்துக் காயவைத்தோம். மேகம் கறுத்ததும் சாக்கோடு ஓடினோம். கறுத்த பருப்பு கசந்தது, செக்குக்காரர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொட்டினார். முளை விட்டதில் நல்லதை ஆத்தா அவித்துப் போட்டது. வயிறு உப்பும் அளவுக்குத் தின்றோம். சிறுவர்களுக்கு அது பஞ்சமாகவே தெரியவில்லை.

காய் போனதை அப்பா தாங்கிக்கொண்டார். கொடி போனதுதான் அவரை உலுக்கியது. கடலைக்கொடி படப்பை நம்பித்தான் கோடையில் மாடு. பிடுங்கிக் குவித்த கொடி அடியில் வெந்து பூசணம் பிடித்திருந்தது. மாடு மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு சோடியை விற்றுவிடலாமா என்று பேச்சு வந்தது.

"பேஞ்ச ஈரத்தக் காயவிட்டுட்டு மாட்ட விக்கிறியாப்பா?" என்றது அப்பத்தா.

கார்த்திகையில் அதே காட்டை உழுது கொள்ளு விதைத்தோம். ஈரம் நிறைய இருந்ததால் அந்த வருசக் கொள்ளு இடுப்பு மறைக்கப் படர்ந்தது. பொட்டும் தட்டையும் மாட்டுக்கு, பயறு எங்களுக்கு. மாசி முழுக்கக் கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுச் சுண்டல். "குதிரையாடா நாம?" என்று அண்ணன் கேட்டு ஆத்தாவிடம் அடி வாங்கினான். மறு ஆடியில் அப்பா பாதிக்காடு கொத்து, பாதிக்காடு கொடி போட்டார். அந்த வருசம் மழையே இல்லை.