மொட்டைமாடிக் கள்ளிகள்

காலை ஆறு மணி. ரணகள்ளி இலையின் ஓரத்தைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்தேன். புளிச்சக்கீரைப் புளிப்பு. அதே செடியில் மதியம் இன்னோர் இலை, சப்பென்று இருந்தது.

தரங்கம்பாடிக்கு மிஷன் பணியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன் இந்த இலையைத்தான் வேளைக்கு வேளை ருசி பார்த்து, லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். 1815இல் அது அச்சானது. 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று பிள்ளைகள் நோட்டுக்குள் வைக்கிற அதே இலை!

பகல் முழுக்க இலைத்துளைகளை அடைத்துக்கொண்டு நீரைக் காக்கிறது. இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைக்கிறது. வெயில் ஏறியதும் அந்த அமிலத்தைச் செலவழித்துச் சர்க்கரை ஆக்குகிறது. கேக்டஸும் கற்றாழையும் இப்படித்தான் பிழைக்கின்றன.

*

எச்சிவேரியா மூன்று வாங்கினேன், மூன்றும் போய்விட்டன. வெயில்தான் கொன்றது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். மெக்சிகோ மலைப்பக்கத்துச் செடி அது. பகல் வெயிலுக்குப் பிறகு குளிர்ந்த இரவு வேண்டும். சென்னையில் மே மாத இரவு எங்கே குளிர்கிறது? இனி வாங்குவதில்லை. அடீனியம் வெயிலில் செழிக்கிறது. ஹவோர்த்தியா ஜன்னலோர நிழலில் குட்டி மேல் குட்டி போடுகிறது.

*

மண்: செம்மண் ஒரு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் சில்லு ஒரு பங்கு, ஒரு கை மண்புழு உரம். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் தேங்காய்நார்த் தூளில் வருகின்றன. அது ஈரத்தை விடாது. வாங்கிய வாரமே உதறிவிட்டு மாற்றி நட வேண்டும். நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது.

முள்செடியைத் தூக்கச் செய்தித்தாளைப் பட்டையாக மடித்து இடுப்பில் சுற்றிப் பிடித்தால் போதும். சப்பாத்திக்கள்ளியின் சுணைதான் கொடுமை. செல்லோடேப்பை விரலில் ஒட்டி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

*

முள் புறப்படும் இடத்தில் பஞ்சுத்திண்டு மாதிரிச் சின்னப் புள்ளி இருந்தால் அது கேக்டஸ். சதுரக்கள்ளியில் அது கிடையாது. கீறினால் பால் வரும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலியோரச் சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது; சதுரக்கள்ளி இந்த மண்ணிலேயே பிறந்தது. இருந்தும் அதைத் தொட்டியில் வைப்பவர்கள் குறைவு. எனக்கு அது வருத்தம்தான்.

கள்ளிமுளையானை நர்சரியில் கேட்டேன், பெயரே தெரியவில்லை அவர்களுக்கு. ஊரில் சித்தப்பா தோட்டத்துப் பாறையிடுக்கில் இருக்கிறது. ஒரு தண்டு மட்டும் ஒடித்து வந்தேன். வேரோடு பிடுங்கினால் அடுத்த வருஷம் அங்கே ஒன்றும் மிஞ்சாது. வெட்டுவாய் காய மூன்று நாள் நிழலில் வைத்துப் பிறகு நட்டேன். பிடித்துக்கொண்டது.

*

ஐப்பசி பிறக்குமுன் எல்லாத் தொட்டிகளும் கூரைக்குக் கீழே வந்துவிட வேண்டும். போன வருஷம் நான்கு நாள் தாமதித்தேன். தங்கப்பந்து கேக்டஸ் அடியிலிருந்து அழுகிவிட்டது. ஆறு வருஷம் வளர்த்தது.

*

பிரம்ம கமலம் என்று நாம் சொல்லும் நிஷாகந்தியும் கேக்டஸ்தான். இமயமலையின் பிரம்ம கமலம் முற்றிலும் வேறு செடி. நேற்றுச் சாயங்காலம் மொட்டு கழுத்தை நிமிர்த்தியிருந்தது, இன்றைக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. ஒன்பதரைக்கு விரியத் தொடங்கியது. கீழ்வீட்டு மாமி விளக்கோடு வந்தார். மாடி முழுக்க மணம். விடிந்தபோது பூ துவண்டு தொங்கியது. பக்கத்துத் தண்டில் இன்னும் இரண்டு மொட்டு.