ஃப்ரெடி கிரீனின் கம்பிகள்

கிடார் கற்றுக்கொள்பவர்களுக்கு முதல் வாரமே விரல் நுனி எரியும். உடனே யாராவது, "மெல்லிய கம்பி மாட்டு, ஆக்‌ஷனைக் குறை" என்பார்கள். ஆக்‌ஷன் என்பது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம். அது குறைந்தால் விரலுக்குச் சுகம்தான்.

ஆனால் ஃப்ரெடி கிரீன் கம்பியை நன்றாக உயர்த்தியே வைத்திருந்தார். 1937-ல் கவுண்ட் பேஸி குழுவில் சேர்ந்தவர், 1987-ல் இறக்கும்வரை அங்கேதான் (இடையில் கொஞ்ச நாள் தவிர). சுற்றிலும் டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், டிரம்ஸ். நடுவே ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் ஒற்றைக் கிடார்! தாழ்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். உயர்ந்த கம்பி எவ்வளவு ஓங்கினாலும் சுத்தமாக ஒலிக்கும்.

இதற்கு விலை உண்டு. அந்த உயரத்தில் விரல் வேகமாக ஓடாது. அவர் சோலோ வாசித்தது அபூர்வம். பாருக்கு நாலு அடி, சின்னச் சின்ன கார்டுகள், அவ்வளவுதான்.

வெஸ் மான்ட்கோமரிக்கு ஆம்ப் இருந்தது. சத்தத்துக்குக் கஷ்டப்படத் தேவையில்லை. ஆனாலும் தடித்த ஃபிளாட்வுண்ட் கம்பிகளையே மாட்டினார். பிக் இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தவருக்கு, அந்த உருண்டு திரண்ட நாதம் வேண்டியிருந்தது. ஜிம் ஹாலோ மெல்லிய கம்பிக்கு மாறினார். மென்மையாகத் தொட்டு வாசிக்கும் அவருக்கு அது போதும்.

கம்பியில் சரி, தப்பு என்று எதுவும் இல்லை. என்ன ஒலி வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. பேஸி குழுவின் பழைய இசைத்தட்டு கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். கிரீனின் கிடார் தனியாகக் காதில் விழாது. ஆனால் மொத்தக் குழுவும் அதன்மேல்தான் நடக்கும்.