பட்டறையில் விட்ட அமானிதம்

தையற்காரரிடம் துணியையும், பொற்கொல்லரிடம் உடைந்த வளையலையும், பட்டறையில் காரையும் விட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். அவர் கைக்குப் போன பொருளுக்கு நாம் உடனிருந்து காவல் நிற்பதில்லை. நின்றாலும், அவர் செய்வது சரியா தவறா என்று அறியும் பயிற்சி நமக்கில்லை. நம்பித்தான் விடுகிறோம். அவ்வாறு நம்பி ஒப்படைத்த பொருளுக்கு நம்மவர் வழக்கில் உள்ள பெயர் அமானிதம். அது பழுதாகித் திரும்பினால் என்ன செய்வது? ‘போனால் போகட்டும், ஸபூர் செய்யுங்கள்’ என்று சொல்வோர் நம்மிடையே மிகுதி. நாமும் பிறருக்கு அவ்வாறு சொல்லி வந்தவர்களே. நம் கார் நடுவழியில் நிற்கும்வரை.

2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இராமநாதபுரத்தில் நம் தங்கை மகளுக்கு நிக்காஹ். காலை 11 மணிக்கு மஜ்லிஸ். சாட்சிகளுள் ஒருவராக நாம் கையொப்பமிட வேண்டுமென்று மைத்துனர் ஒரு மாதத்திற்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். மதுரையிலிருந்து நூற்றுப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. எனவே வெள்ளிக்கிழமை காலையிலேயே காரைப் பட்டறைக்கு அனுப்பி எஞ்சின் ஆயிலை மாற்றச் சொன்னோம். பட்டறை நம் மஹல்லாவை அடுத்த தெருவில் உள்ளது. உரிமையாளர் இருபது ஆண்டுப் பழக்கம். ஜும்ஆவில் பெரும்பாலும் நமக்கு முன் வரிசையில் அமர்பவர். 4,200 ரூபாயை அலைபேசி வழியே செலுத்தினோம். ரசீது கேட்கவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகிப்பது போலாகும் என்று தோன்றியது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது என்று எத்தனை பேருக்கு நாம் எடுத்துச் சொல்லியிருக்கிறோம்! சொன்ன நமக்கு அது பயன்படவில்லை.

மானாமதுரையைத் தாண்டிச் சென்றுகொண்டிருந்தோம். பின்னிருக்கையில் பேரப்பிள்ளைகள் புத்தாடை கசங்காமலிருக்கச் சிரமப்பட்டு அமர்ந்திருந்தனர். அப்போது அருகிலிருந்த நம் மனைவியார், “இது என்னங்க, சிவப்பா எரியுது?” என்றார். எண்ணெய்க் குவளை வடிவில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணி ஒன்பதரை. “பார்த்திபனூர் வரட்டும், பார்த்துக்கொள்வோம்” என்று சொல்லிவிட்டு வண்டியைச் செலுத்தினோம். ஐந்தாறு நிமிடங்கள் சென்றிருக்கும். அடியில் சம்மட்டி கொண்டு தட்டுவதுபோல் ஓசை எழுந்தது. பிறகு எஞ்சின் ஒரே பிடியாகப் பிடித்து நின்றுவிட்டது. சாலையோரக் கருவேல மரத்து நிழலில் நம் குடும்பம் இறங்கி நின்றது.

வண்டியை இழுத்துச் செல்லும் லாரி வருவதற்கே ஒன்றரை மணி நேரமாயிற்று. பரமக்குடியில் ஒரு பட்டறையில் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினோம். மண்டபத்தை அடைந்தபோது இரண்டாம் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் நமக்கென விட்டிருந்த இடத்தில் வேறொருவர் கையொப்பம் இருந்தது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. “வந்துட்டீங்களாண்ணே” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பரமக்குடி மெக்கானிக் காரின் அடியை நமக்குக் காட்டினார். ஆயில் தங்கும் சம்ப்பின் அடியில், பழைய ஆயிலை வடிப்பதற்கு ஒரு போல்ட்டு உண்டு. அது இருந்த இடத்தில் வெறும் துளை. அந்தத் துளையின் மரை முழுதும் தேய்ந்திருந்தது. தேய்ந்த மரையில், தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர்கள் சுற்றும் வெள்ளை டேப்பின் நூல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. “மரை போனது தெரிஞ்சிருக்குங்க. சம்ப்பை மாத்தணும், இல்லே புதுசா மரை போடணும். டேப்பைச் சுத்தி முறுக்கி அனுப்பியிருக்காங்க. எஞ்சின் சூட்டுக்கும் ஆட்டத்துக்கும் அது எத்தனை நாள் நிக்கும்?” என்றார் அவர்.

எஞ்சினுக்குள் சுழலும் தண்டு பேரிங்கைத் தொடுவதில்லையாம். இரண்டிற்கும் நடுவே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று அழுத்தத்தோடு நின்று, உலோகத்தை உலோகத்திடமிருந்து பிரித்து வைக்கிறது. எண்ணெய் வடிந்து அழுத்தம் குறைந்தால் படலம் அறுந்துவிடும். உராய்வில் சூடேறிய பேரிங் இளகித் தண்டைக் கவ்விக்கொள்ளும். நான்கு லிட்டருக்கும் குறைந்த எண்ணெய்க்குள் இத்தனை பெரிய எஞ்சினின் உயிர் அடங்கியிருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இதைச் சொல்லிவிட்டு அவர் நம் முகத்தைப் பார்த்தார். “லைட் எரிஞ்சிருக்குமே, நீங்க பார்க்கலையா?” நாம் விடை சொல்லவில்லை. வேறேதோ கேட்பதுபோல் பேச்சை மாற்றினோம். அந்த மௌனம் பல நாள் நம்மை உறங்கவிடவில்லை.

செலவுக் கணக்கு வந்தது. வண்டியை இழுத்து வந்த கூலி 6,500 ரூபாய், புதிய சம்ப்பும் போல்ட்டும் 4,800, ஆயில் 2,400, எஞ்சினைப் பிரித்துத் தண்டைச் சீர்செய்து, பேரிங்குகளை மாற்றிப் பூட்டியதற்கு 60,900. ஆக 74,600 ரூபாய். தேய்ந்த மரையையும் வெள்ளை டேப்பையும் படமெடுத்துக்கொண்டு, பழைய சம்ப்பைச் சாக்கில் கட்டி மதுரைக்குக் கொண்டு வந்தோம். பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று இதைப் படிக்கும் அன்பர்களுக்கு வலியுறுத்திச் சொல்வோம். பிற்பாடு நமக்காகப் பேசியது அந்தச் சம்ப்புதான்.

உரிமையாளரிடம் சென்றோம். முதலில் அவர், “வழியில கல்லு கில்லு அடிச்சிருக்கும் பாய்” என்றார். சாக்கை அவிழ்த்துக் காட்டினோம். துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு உட்புறம் திரும்பிக் குரல் கொடுத்தார். பதினெட்டு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் கைகளைத் துணியில் துடைத்தபடி வந்து நின்றான். அன்று ஆயில் மாற்றியவன் அவனே. “மரை போயிருக்குன்னு அப்பவே சொன்னேன் மொதலாளி. ஜும்ஆவுக்கு நேரமாச்சு, டேப்பைச் சுத்தி அனுப்புன்னு நீங்கதான்...” என்று தொடங்கியவன், அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். “இவன் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சு உங்களுக்குத் தந்துடுறேன் பாய்” என்றார் உரிமையாளர்.

அதை நாம் ஏற்கவில்லை. காரை ஒப்படைத்தது அவரிடம். கூலி பெற்றவரும் அவர். ஏவியவர் தப்பித்து, ஏவப்பட்டவன் ஈடு கட்டுவது எந்த நீதியிலும் அடங்காது.

செய்தி தெருவில் பரவிற்று. அஸர் தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் நம் தோளில் கை வைத்து, “நம்ம ஆளுதானே, மாப்புப் பண்ணிடுங்க. அல்லாஹ் உங்களுக்கு வேற வழியில தருவான்” என்றார். மன்னிப்பின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் தவறை ஒப்புக்கொள்ளாதவரை மன்னிப்பது எவ்வாறு? அவர் இன்னும் டேப்பைக் குறித்து ஒரு சொல் பேசவில்லை. மேலும், அதே பட்டறையில் நாளைக்கு வேறொருவர் தம் காரை விடுவார். அவரும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் செல்வார்.

வழக்கறிஞராக உள்ள நம் மருமகன் சட்டத்தை விளக்கினார். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே, ஒருவர் ஒப்படைத்த பொருளைப் பெற்றுக்கொண்டவர் அதனைத் தம் சொந்தப் பொருளை ஒரு சராசரி விவேகி காப்பதுபோல் காக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதாம். நம்மவர் அமானிதம் என்று சொல்வதற்கு மிக அருகில் வரும் விதி அது. 1986 இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019 ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கூலி பெற்றுச் செய்த பணியில் குறைபாடு இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். செலுத்திய கூலி ஐந்து இலட்சத்தை மிகாதவரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடவும் தடையில்லை. ரசீது இல்லையே என்று தயங்கினோம். அலைபேசியில் பணம் சென்ற பதிவும், பழைய சம்ப்பும், பரமக்குடி மெக்கானிக்கின் எழுத்தும் போதுமான தொடக்கம் என்றார்.

அறிவிப்பின் நகலை எழுதி வந்து படித்தும் காட்டினார். 74,600 ரூபாயும், திருமணத்தைத் தவறவிட்ட மன உளைச்சலுக்காக ஓர் இலட்சமும் கேட்டிருந்தார். சிவப்பு விளக்கைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவரிடம் நாம் அதைச் சொல்லவில்லையே! சமையலறை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவியார் நம்மை ஒரு பார்வை பார்த்தார். “லைட்டு எரிஞ்சதையும் எழுதச் சொல்லுங்க” என்றார். அவ்வளவே. மருமகன் எழுதுகோலை மூடி வைத்துவிட்டார்.

“அதை எழுதினால் நம் வழக்கு நொண்டிவிடும் மாமா. அவர்கள் கேட்காதவரை நாம் ஏன் சொல்ல வேண்டும்?” என்பது அவர் வாதம். வழக்கறிஞர் என்ற முறையில் அவர் சொன்னதில் பிழையில்லை. மேற்சொன்ன ஒப்பந்தச் சட்டமும், நட்டத்தைக் கணக்கிடும்போது அதைத் தவிர்க்க நட்டமடைந்தவருக்கு இருந்த வாய்ப்பையும் கருத வேண்டும் என்கிறதாம். அதையும் அவரே சொன்னார். ஆகவேதான் மறைக்கச் சொன்னார்.

நிற்க. நாம் ஹளரத் ஒருவரிடம் சென்று அனைத்தையும் சொன்னோம், விளக்கையும் சொன்னோம். அவர் ஃபிக்ஹு நூல்களில் இது பழைய வழக்கு என்றார். பலருக்கும் பணி செய்து கூலி பெறும் கைவினைஞர், தம் கையிலுள்ள பொருள் கெட்டால் பொறுப்பாவாரா? அலி (ரலி) அவர்கள் பொறுப்பாக்கியதாக ஓர் அறிவிப்பு உண்டு. அதன் வலிமை குறித்து அறிஞர்களிடையே பேச்சும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் மேலோங்கிய கருத்து, வரம்பு மீறலோ கவனக்குறைவோ இருந்தால்தான் அவர் ஈடு தர வேண்டும் என்பது. ஹனஃபிகளோ, அவருடைய செயலாலேயே பொருள் கெட்டால் அவரைப் பொறுப்பாக்குவர். “தேய்ந்த மரை என்று தெரிந்தே டேப்பைச் சுற்றியது எந்த மத்ஹபிலும் கவனக்குறைவுதான்” என்று ஹளரத் சிரித்தார்.

பிறகு அவர் முகம் மாறிற்று. “உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது” என்றார். ஒரு சேதத்திற்குக் காரணமாக அமைந்தவரும் அதனை நேரடியாகச் செய்தவரும் இருவராயின், தீர்ப்பு நேரடியாகச் செய்தவரையே சாரும் என்பது துருக்கிய உதுமானியரின் மஜல்லா சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்ற பொதுவிதி. “விளக்கு எரிந்த பிறகு எஞ்சினை ஓட்டியவர் யார்?” என்று கேட்டார். நமக்குத் தொண்டை வறண்டுவிட்டது. விளக்கின் பொருள் நமக்குத் திண்ணமாகத் தெரியாது என்றோம். “தெரியாவிட்டால் நிறுத்துவதல்லவா முறை?” என்றார். முழுப் பொறுப்பும் நம்முடையது என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் முழுத் தொகையையும் வாங்கினால் அது நெஞ்சில் தங்கும் என்றார்.

அன்றிரவு பரமக்குடிக்குத் தொலைபேசியில் பேசி, விளக்கு எரிந்ததை மெக்கானிக்கிடம் ஒப்புக்கொண்டோம். “அப்பவே தெரியுங்க” என்றார். உடனே நிறுத்தியிருந்தால் செலவு எவ்வளவு என்று கேட்டோம். இழுத்து வந்த கூலி, சம்ப்பு, ஆயில்: 13,700 ரூபாய். பேரிங் தப்பியிருக்குமா? “தப்பியிருக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன்.”

இதைக் கொண்டு கணக்கிட்டோம். நாம் எவ்வளவு கருத்தாக ஓட்டியிருந்தாலும் 13,700 செலவாகியே இருக்கும். அது முழுதும் பட்டறையைச் சேரும். எஞ்சிய 60,900 இருவர் பிழையும் கூடி விளைந்தது. அதில் பாதி 30,450. ஆகக் கேட்க வேண்டியது 44,150 ரூபாய். மன உளைச்சலுக்கான இலட்சத்தை அடித்துவிடச் சொன்னோம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. கேட்போரை நாம் குறை கூறவில்லை. ஆனால் பதிவேட்டில் விடுபட்ட நம் கையொப்பத்தில் நம் கைப்பங்கும் இருந்தது.

விளக்குச் செய்தியையும் சேர்த்து எழுதிய அறிவிப்பு பதிவு அஞ்சலில் சென்றது. பதினைந்து நாள் தவணை. பன்னிரண்டாம் நாள் இஷாவுக்குப் பின் உரிமையாளர் வீட்டிற்கு வந்தார். கோபத்தோடு வருவார் என்று எதிர்பார்த்தோம். அறிவிப்பை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். “லைட்டு மேட்டரை நீங்களே எழுதியிருக்கீங்க பாய்” என்றார் கடைசியில். பிறகு, “டேப்பு நான் சொல்லித்தான் அவன் சுத்தினான்” என்றார். அதற்காகத்தான் வந்தார் போலும்.

தொகையை மூன்று தவணையாகத் தர ஒப்பி எழுதிக் கொடுத்தார். பையன் சம்பளத்தில் ஒரு காசும் பிடிப்பதில்லை என்பதையும் அதிலேயே எழுத வைத்தோம். இரண்டு தவணை, 15,000 வீதம், சொன்ன நாளில் வந்தன. மூன்றாவதான 14,150 நான்கு மாதம் தாமதமாயிற்று. அதற்குள் இருமுறை நினைவூட்ட நேர்ந்தது. நினைவூட்டிய நாட்களில் ஜும்ஆவில் அவர் வேறு வரிசைக்குப் போய்விடுவார். கடைசித் தவணையைப் பையன்தான் கொண்டு வந்தான். ஒரு ரூபாய் வருவாய் வில்லை ஒட்டிக் கையொப்பமிட்ட ரசீதைக் கொடுத்தோம். அவன் அதை இருமுறை படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆணையத்திற்குப் போகும் தேவை ஏற்படவில்லை. பெரியவர் சிலருக்கு இன்னும் நம்மீது மனத்தாங்கல் உண்டு. உரிமையாளருக்கும் நமக்கும் ஸலாம் குறையவில்லை. ஸலாத்திற்குப் பின்னான பேச்சுத்தான் குறைந்துவிட்டது. அதன் பின் ஆயிலை வேறொரு பட்டறையில் மாற்றி வந்தோம். சென்ற வாரம் பள்ளிவாசல் வாயிலில் அவர் நம் காரைச் சுற்றி வந்து, குனிந்து அடியைப் பார்த்து, “அடுத்த ஆயில் எப்ப பாய்?” என்று கேட்டார். இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் இருக்கிறது என்றோம்.