அடைத்தவரும் ஊதியவளும்

மரத்தூளில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கினால் போதும். கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்த தூள். கொழுக்கட்டை மாதிரி பிடித்த பிடியில் நின்றால் மொட்டைமாடி வெயிலில் இன்னும் ஒரு பகல் கிடக்க வேண்டும். இழைப்புளியில் சுருண்டு விழுகிற சீவல் கலந்திருந்தால் ஒதுக்கிவிட வேண்டும், அது இறுகாது. வாள் அறுத்த தூள்தான் அடுப்புக்கு ஆகும். விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் இதெல்லாம் அப்பாவின் இலாகா. மரவாடிக்குச் சைக்கிளில் போய்க் கோணி மூட்டையாகக் கட்டி வருவதும், காயப்போடுவதும், சலித்து ஆணியும் சிராயும் பொறுக்குவதும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்பை அடைத்து வைப்பதும் அவர். விடியலில் பற்ற வைப்பது அம்மா.

அந்த அடுப்பைப் பார்க்காதவர்கள் இன்று நிறையப் பேர். தகரத்தில் செய்த உருளை அது. அடியில் பக்கவாட்டில் ஒரு துளை, மேலே பாத்திரம் உட்கார மூன்று குமிழ். நடுவில் ஓர் உருண்டைக் கட்டையை நிறுத்தி, பக்கத்துளை வழியாக இன்னொரு கட்டையை அதன் காலில் முட்டும்படி செருகி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கொட்டி இடிக்க வேண்டும். எங்கள் வீட்டு நடுக்கட்டை, உடைந்துபோன கட்டிலின் கடைசல் கால். நிறைந்ததும் அதை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. திருகித் திருகி எடுக்க வேண்டும். கட்டை இரண்டும் வெளியே வந்தபின் உள்ளே ‘ட’ வடிவில் காற்று போக ஒரு வழி நிற்கும். தீ மேலிருந்து தின்னாமல் உள்ளிருந்து தின்ன வேண்டும் என்பதற்காக மேற்பரப்பில் ஒரு விரற்கடைச் சாம்பலைப் பரப்புவார் அப்பா. காலையில் கிருஷ்ணாயில் நனைத்த துணியைக் கீழ்த்துளையில் செருகிக் கொளுத்தினால், குளிக்க வெந்நீர், சோறு, குழம்பு எல்லாம் அந்த ஒரே அடைப்பில் முடிந்துவிடும்.

தளர அடைத்திருந்தால் பாதிச் சமையலில் உள்ளே சரியும். சரிந்தால் வீடு முழுக்கப் புகை.

“ஏங்க, நேத்து என்னா நெனப்புல அடைச்சீங்க?”

“தூளு ஈரம்டி. நான் என்னா பண்றது?”

மற்ற பேச்சு நின்றுபோன நாட்களிலும் இந்தப் பேச்சு மட்டும் அவர்களுக்குள் நடந்தது. அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரிகிறது. எந்த நேரத்துக்கும் டூட்டி வரும். ராத்திரி டூட்டி என்றால் சாயங்காலமே அடுப்பை அடைத்துவிட்டுத்தான் கிளம்புவார். சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன நாளிலும் அடைத்துவிட்டே போனார். அடுப்பு சரியாக நின்றால் அம்மா மதியச் சாப்பாட்டில் அவருக்கு அப்பளம் பொரித்து வைப்பாள். அவர்கள் சமாதானமானது எனக்கு அப்பளத்தில்தான் தெரியும்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற காலத்தில் தூளோடு மல்லாட்டைத் தோலும் வரும். விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரம் முழுக்க மல்லாட்டைச் சீமை. திண்டிவனத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ரகங்கள் தமிழ்நாட்டைத் தாண்டியும் விளைந்தன. உடைக்கிற மில் வாசலில் தோல் மலையாகக் கிடக்கும். நன்றாக எரியும், ஆனால் அடைக்க வராது. நொறுக்கித் தூளோடு கலந்தால்தான் பிடிப்பு. அரிசி மில் உமி வேறு ரகம். அது எரிந்து முடிந்தபின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சாம்பலே மிஞ்சும், பெரும்பகுதி மணலில் இருக்கிற அதே சிலிக்கா. உமி எரித்த வாரத்தில் அம்மா சாம்பல் அள்ளி ஓயமாட்டாள். அடைப்பதுபோலவே அள்ளுவதும் அன்றாட வேலைதான். ஆனால் அடைப்பதைத் தெருவே பார்த்துப் பாராட்டும், “ஒங்க வூட்டுக்காரரு நல்லா அடைக்கிறாரு” என்று. சாம்பல் அள்ளியதை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை.

மில் வாசலில் கிடந்த அந்தத் தோலுக்கும் தூளுக்கும் பின்னாளில் பெரிய இடத்து மவுசு வந்தது. தூளைச் சூடும் அழுத்தமும் கொடுத்து நெருக்கினால், மரத்திலேயே உள்ள லிக்னின் இளகிப் பசையாகிச் சிறு குச்சித் துண்டுகளாகப் பிடித்துக்கொள்ளும். அதுதான் பெல்லட். 2006 வாக்கில் பி.பி. நிறுவனம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து ‘ஊர்ஜா’ என்ற பெல்லட் அடுப்பைத் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன விசிறி, கீழிருந்தும் மேலிருந்தும் காற்றைக் கொடுக்கும். பெல்லட்டிலிருந்து கிளம்பும் வாயு புகையாகப் போகாமல் எரிந்துவிடும். அப்பாவின் கட்டில் கால் திறந்து வைத்த வழியும் இதே வேலையைத்தான் செய்தது, விசிறி இல்லாததால் அரைகுறையாக. ஊர்ஜா லட்சக்கணக்கில் விற்றது. பிறகு பெல்லட் செய்யும் விவசாயக் கழிவைத் தொழிற்சாலைக் கொதிகலன்களும் வாங்க ஆரம்பித்தன, விலை ஏறியது, வீடுகளால் தாங்க முடியவில்லை; அடுப்பை விற்றவர்கள் ஓட்டல் சமையலறைகள் பக்கம் திரும்பினார்கள். எங்கள் மரவாடியிலும் இதுதான் நடந்தது. சும்மா அள்ளிக்கொண்டு வந்த தூள் காசுக்கு மூட்டையாகி, கடைசியில் செங்கல் சூளைக்காரர்கள் லாரியோடு அள்ளிப்போனார்கள். ஏழை வீட்டு அடுப்பு, கேட்பாரற்ற கழிவை நம்பித்தான் எரிகிறது. அதற்குக் கேட்பார் வந்த மறுநாள் அது அணைகிறது. இதை எந்தத் திட்டத்திலாவது முன்கூட்டி யோசித்திருப்பார்களா என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

பராமரிப்பை யோசிக்காததும் அப்படித்தான். ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1950-களிலேயே புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்தார். 1980-களில் மத்திய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, மூன்று கோடிக்கும் மேல் அடுப்பு கட்டிக் கொடுத்து, 2002-ல் நிறுத்தியது. புகைபோக்கிக் குழாயில் கரி அடைத்துக்கொண்டால் புகை திரும்பவும் வீட்டுக்குள்தான் வரும். கூரைமேல் ஏறி அந்தக் குழாயைத் தட்டுவது யார்? பெண்கள் கூரை ஏறக்கூடாது, ஆண்களுக்கு அடுப்பு தங்கள் சங்கதி இல்லை. நடுவில் குழாய் அடைத்துக்கொண்டு கிடந்தது.

எங்கள் வீட்டில் ஒருமுறை அப்பாவை மூன்று மாதம் வேறு ஊருக்குப் போட்டார்கள். முதல் நாள் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடச் சொன்னாள் ஆயா. “பொம்பள அடைச்சா நிக்காதுடி” என்றாள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து அடைத்தாள். நின்றது. மரவாடிக்கும் அவளே போனாள், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆம்பளை வேலை என்று பெயர் வாங்கியிருந்த எல்லாவற்றையும் அவள் செய்தாள். அப்பா திரும்பி வந்ததும் கட்டில் கால் மறுபடி அவர் கைக்குப் போனது. ஊதாங்குழல் மட்டும் ஒருநாளும் கை மாறவில்லை. அம்மா அதை வாயில் வைத்து ஊதி, கண்ணைக் கசக்கி, இருமி, மறுபடி ஊதுவாள். வீட்டுப் புகையால் உலகில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 32 லட்சம் பேர் செத்திருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எண்ணைப் படித்தபோது எனக்குக் கேட்டது அம்மாவின் இருமல்.

நான் வாக்கப்பட்டது திண்டிவனத்தில், கிடங்கல் பக்கம். அந்தக் கிடங்கல் சங்க காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு சமையலறை வருகிறது: சுவரில் காளான் பூத்து, குட்டி போட்ட நாய் குரைக்கிற அடுப்படி. கிணைப்பறை கொட்டும் குடும்பத்துப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, அடுத்தவர் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். பசி எல்லாருக்கும் பொது. கிள்ளியதும் வேகவைத்ததும் வெட்கப்பட்டதும் அவள் ஒருத்தி. ஓய்வு பெறுகிறவரை பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தப் பகுதியை நடத்துகிறபோதெல்லாம் என் மனசு விழுப்புரத்துக்குத்தான் போகும்.

திண்டிவனத்து வீட்டில் சீக்கிரமே கேஸ் வந்துவிட்டது. 2007-ல் அரசே ஏழை வீடுகளுக்கு இலவசமாகக் கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தபோது தெருவிலிருந்தே புகை போயிற்று. அது வந்ததற்கு நான் யாருக்கு வேண்டுமானாலும் நன்றி சொல்வேன். ஆனால் ஒன்று நடந்தது. தூள் அடுப்பு இருந்தவரை வீட்டு ஆண்கள் நாளில் அரைமணியாவது அடுப்பின் முன் குந்தினார்கள். கேஸ் வந்தபின் அந்த அரைமணியும் போய், சிலிண்டர் மாற்றுவது ஒன்றுதான் அவர்கள் கணக்கில் மிஞ்சியது. பர்னர் துளையைக் குண்டூசியால் குத்துவதும், பொங்கி வழிந்ததைத் துடைப்பதும், ரப்பர் குழாய்க்கு ஐந்து வருஷம் முடிந்துவிட்டதா என்று பார்ப்பதும் தானாகவே எங்கள் பக்கம் வந்து சேர்ந்தன.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, ஏரித்தண்ணீர் வாசல்வரை, சிலிண்டரும் தீர்ந்துவிட்டது. மாமியாரின் தூள் அடுப்பு பரணில் இருந்தது. எதிர்வீட்டு ஆசாரி, பட்டறைப் பரணில் காய்ந்த தூள் மூட்டை வைத்திருந்தார். என் கணவர் அடைக்க உட்கார்ந்தார், நான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். முதல் தடவை கட்டையை நேரே இழுத்துவிட்டார், பொத்தென்று சரிந்தது. இரண்டாவது தடவை திருகினார், நின்றது. சந்தோஷமாக எழுந்தார்.

“எங்க போறீங்க? பத்த வைங்க. ஊதாங்குழலையும் நீங்களே எடுங்க.”

ஊதினார். புகை முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்ட என்னைப் பார்த்து, “எங்க அம்மா இதுலயா தினம்…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அன்றைக்குச் சோறு வடித்ததும் அவர்தான். கரிபிடித்த குண்டானைச் சாம்பல் போட்டுத் தேய்த்ததும், அணைந்த அடுப்பைக் கவிழ்த்து அள்ளியதும் அவர்தான். அடைக்கிறவர் சாம்பல்வரை போக வேண்டும் என்பது என் கட்சி. நடுவில் எழுந்து போனால் அதற்குப் பெயர் பங்கு இல்லை.

இதைத் தம்பி மகளிடம் போனில் சொன்னேன். அவள் கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் இருக்கிறாள். வீட்டைச் சூடாக்குவதே பெல்லட் அடுப்புதான். 1980-களில் அமெரிக்காவின் வடமேற்கில் வீடுகளுக்கு வந்த சாதனம் அது, எண்ணெய் விலை எகிறியதன் விளைவு. மேலே பெல்லட்டைக் கொட்டினால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டு எரியும். ஆனாலும் எரிகிண்ணத்தில் இறுகும் கட்டியைச் சுரண்ட வேண்டும், சாம்பல் தட்டைக் கொட்ட வேண்டும், கரி படியும் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை புகைக்குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். அவள் வீட்டுக்காரருக்கு மூட்டை கொட்டுவதும் பட்டனைத் திருகிச் சூடு வைப்பதும் பிடிக்குமாம். மற்றதெல்லாம் இவள் தலையில் விழுந்ததாம். ஒரு பனிக்காலம் முழுக்கச் சண்டை.

இப்போது மூட்டைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மூட்டை நாற்பது பவுண்டு, சுமார் 18 கிலோ. பிரிக்கிறவர் யாரோ, அந்த மூட்டை தீர்கிறவரை சுரண்டல், சாம்பல், கண்ணாடி எல்லாம் அவர் பொறுப்பு. அடுத்த மூட்டை மற்றவருக்கு.

“அவர் முறை வர்றப்ப மூட்டையப் பிரிக்காம நாளக் கடத்தமாட்டாரா?” என்று கேட்டேன்.

“மொதல்ல கடத்தினாரு அத்தை. இப்ப வாங்கிட்டு வந்த அன்னிக்கே எல்லா மூட்டை மேலயும் பேர எழுதி வெச்சிடுறோம்.”