ஒரே மதிப்பெண், இரு வேறு மனங்கள்

ஒரு பல்கலைக்கழகத்தின் தொடக்க விழா. புதிய மாணவர்களின் சார்பில் உரையாற்ற இருவர் மேடையேறுகின்றனர். இருவரும் நுழைவுத் தேர்வின் எல்லாப் பாடங்களிலும் முழு மதிப்பெண் பெற்றவர்கள். ஒருவன் மடிப்புக் கலையாத கோட்டும் டையும் அணிந்து, நிமிர்ந்து நிற்கிறான். மற்றவனோ தொளதொளத்த வெள்ளைச் சட்டையும் ஜீன்ஸும் அணிந்து, வாராத தலையும் கண்ணடியில் கருவளையமும் கூனிய முதுகுமாகக் காட்சி தருகிறான். எத்துணை வேறுபட்ட இருவர் என்று அவையில் கிசுகிசுப்பு எழுகிறது. அங்கிருந்தோர் அறியாதது ஒன்றுண்டு. நேர்த்தியாக உடுத்தியவன் ஏற்கெனவே பலரைக் கொன்றவன். கசங்கிய சட்டைக்காரன் அவனைத் தேடி வந்த துப்பறிவாளன்.

‘டெத் நோட்’ என்னும் ஜப்பானிய அனிமே தொடரில் இடம்பெறும் காட்சி இது. சுகுமி ஓபா கதை எழுத, தகேஷி ஒபாடா ஓவியம் வரைந்த இக்கதை, 2003 முதல் 2006 வரை ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் தொடராக வெளிவந்து, 12 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. பின்னர் டெட்சுரோ அராகியின் இயக்கத்தில் மேட்ஹவுஸ் நிறுவனம் இதனை 37 பகுதிகள் கொண்ட அனிமேயாக 2006-2007 ஆண்டுகளில் வழங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகன் இதனைப் பார்க்க விரும்பியபோது, தனியே பார்க்க விடாமல் நாங்களும் உடன் அமர்வது என்று முடிவு செய்தோம். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளும் சேர்ந்துகொண்டாள். கொலைகள் நிறைந்த கதை ஆதலால் சிறு பிள்ளைகளுக்கு இது ஏற்றதன்று. கதையின் முடிவைத் தொடாமல் இக்கட்டுரையை எழுதவும் இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கதையின் சுருக்கம் இது. லைட் யாகமி என்னும் பதினேழு வயது மாணவன் பள்ளி வளாகத்தில் ஒரு குறிப்பேட்டைக் கண்டெடுக்கிறான். ஒருவரின் முகத்தை மனத்தில் இருத்தி அவரது பெயரை அதில் எழுதினால், அவர் 40 விநாடிகளில் மாரடைப்பால் இறந்துவிடுவார். குற்றவாளிகளை ஒழித்து உலகைத் தூய்மைப்படுத்துவதாக லைட் எழுதத் தொடங்குகிறான். மக்கள் அவனுக்கு ‘கிரா’ என்று பெயரிடுகிறார்கள். அவனைப் பிடிக்க, ‘எல்’ என்ற ஒற்றை எழுத்தால் மட்டும் அறியப்படும் துப்பறிவாளன் வருகிறான். கிராவைத் தேடும் காவல் குழுவுக்குத் தலைமை தாங்குபவர் லைட்டின் தந்தை சொய்ச்சிரோ யாகமி.

பாதித் தொடர் கடந்த ஓர் இரவில் எங்கள் மகன் சொன்னான்: “வாப்பா, இந்த ரெண்டு பேரும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் அறிவாளி, ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க, ரெண்டு பேருக்கும் தோக்கப் பிடிக்காது. ஒருத்தன் கையில நோட்டு கிடைச்சுது, இன்னொருத்தன் கையில போலீஸ் கிடைச்சுது. அவ்வளவுதான் வித்தியாசம்.” மகள் அதனை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று சொல்லவும் அவளுக்கு வரவில்லை. அந்த விவாதம் பல நாள் உணவு வேளைகளில் தொடர்ந்தது.

மகன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. எல் ஒரு புனிதன் அல்லன். தொடக்கத்திலேயே, மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியைத் தன் பெயரில் தொலைக்காட்சியில் பேச வைத்துக் கிராவுக்குத் தூண்டில் போடுகிறான். அந்தக் கைதி அங்கேயே இறக்கிறான். பிறர் வீட்டினுள் மறைவாகக் கேமராக்கள் பொருத்துகிறான். லைட்டை ஐம்பது நாட்களுக்கும் மேலாக அடைத்து வைக்கிறான். வேண்டியபோது தயங்காமல் பொய் சொல்கிறான். கிரா தோல்வியைப் பொறுக்காத குழந்தை மனத்தவன் என்று கணிக்கும் எல், தானும் அத்தகையவனே என்று ஒப்புக்கொள்கிறான். இருவரும் டென்னிஸ் ஆடும் காட்சியில் பந்தைக் காட்டிலும் வேகமாக ஓடுபவை அவர்களின் எண்ணங்கள். எதிரி என்ன நினைப்பான், தான் நினைப்பதை அவன் எப்படிக் கணிப்பான் என்று இருவரும் ஒரே பாதையில் ஓடுகிறார்கள். அறிவை மட்டும் தராசில் இட்டால் முள் எப்பக்கமும் சாயாது.

எனில் வேறுபாடு எங்கே இருக்கிறது?

எல் தன் ஐயத்தை விழுக்காட்டில் சொல்லும் பழக்கம் உடையவன். கண்காணித்த வீடுகளில் கிரா இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால், 5 விழுக்காடு என்பான். கேட்போருக்கு எரிச்சலூட்டும் இந்தப் பழக்கத்தில் ஓர் ஒழுக்கம் இருக்கிறது. 5 விழுக்காடு என்று சொல்பவன், மீதி 95க்கும் தன் மனத்தில் இடம் விட்டிருக்கிறான். ஒரு கட்டத்தில் லைட்டின் மீதான அவன் கணிப்பு முற்றிலும் பொய்த்ததாகத் தோன்றுகிறது. அப்போது அவன் ஊக்கம் இழந்து அமர்ந்திருக்கிறான். தன் சோர்வுக்கு அதுவே காரணம் என்று எவரிடமும் மறைக்காமல் சொல்கிறான்.

லைட்டிடம் விழுக்காடு கிடையாது. முதல் இரு பெயர்களை எழுதி, அவ்விருவரும் உண்மையிலேயே இறந்ததை அறிந்தபோது அவன் நடுங்கினான். அந்நாட்களில் உறக்கம் கெட்டு உடல் மெலிந்தான். அந்த நடுக்கம் அவனுள் இருந்த நல்ல மனிதனின் குரல். விரைவிலேயே அதற்கு ஒரு விடை தேடிக்கொண்டான். உலகம் அழுகிவிட்டது, எவரேனும் இதைச் செய்தாக வேண்டும், தன்னைத் தவிர வேறு யாரால் முடியும் என்பதே அந்த விடை. அதன்பின் குறிப்பேடு அவன் கையில் இருக்கும்வரை அந்தக் கேள்வியை அவன் மீண்டும் திறக்கவேயில்லை. தொலைக்காட்சியில் தோன்றிய ஒருவன் ‘நீ செய்வது தீமை’ என்று சொன்னதும், லைட் மறுமொழி தேடவில்லை; சொன்னவனின் பெயரை எழுதினான்.

“அவன் குற்றவாளிகளைத்தானே கொல்றான்?” என்று மகன் கேட்டபோது, எண்ணிப் பார்க்கச் சொன்னோம். தன்னைப் பின்தொடர ஜப்பானுக்கு வந்த எஃப்.பி.ஐ. அதிகாரிகள் 12 பேர் என்ன குற்றம் செய்தார்கள்? அவர்களுள் ஒருவரை மணக்கவிருந்த நவோமி மிசோரா, தன் வருங்காலக் கணவரின் சாவுக்கு நீதி தேடி வந்தவள். லைட்டை நம்பித் தன் உண்மைப் பெயரைச் சொன்னவள். அவள் செய்த குற்றம் என்ன? மகன் சிறிது நேரம் பேசவில்லை. நீதியின் பெயரால் தொடங்கிய பட்டியலில், தனக்கு இடையூறானவர்களின் பெயர்கள் எப்போது கலந்தன என்பதை லைட்டும் கவனிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பிள்ளையும் கவனிக்கவில்லை. அத்துணை இயல்பாக அது நிகழ்ந்துவிடுகிறது.

புதிய உலகின் கடவுள் ஆவேன் என்று லைட் அறிவிக்கும் இடத்தில், அருகில் அமர்ந்திருந்த எங்கள் உம்மா ‘அஸ்தஃபிருல்லாஹ்’ என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் கதையைக் கேட்டறிந்து, ‘பய புள்ளைக்குக் கிபுர் ஏறிப்போச்சு’ என்று ஒரே சொல்லில் முடித்தார்கள். நாங்கள் பல இரவுகள் பேசியதன் சாரம் அச்சொல்லில் அடங்கியிருந்தது.

ஆயினும் லைட் பிறவியிலேயே தீயவன், எல் பிறவியிலேயே நல்லவன் என்று சொல்லிவிட இக்கதை இடம் தரவில்லை. தொடரின் நடுவே, ஐயத்திலிருந்து தப்ப, லைட் குறிப்பேட்டின் உரிமையைத் துறக்கிறான். அதனால் அது பற்றிய நினைவுகள் யாவும் அவனை விட்டு நீங்குகின்றன. அப்போது நாம் காணும் லைட் வேறொருவன். தன்மீது காதல் கொண்ட மிசாவிடம் பழகி உண்மையை வரவழைக்குமாறு எல் கேட்கும்போது, ஒரு பெண்ணின் அன்பைக் கருவியாகப் பயன்படுத்த மாட்டேன் என்று மறுக்கிறான். கொலைகாரர்களைப் பிடிக்க ஆதாரம் சேரட்டும் என்று எல் கருதுகையில், முதலில் சாவுகளை நிறுத்த வேண்டும் என்று முனைகிறான். தானே கிராவாக இருந்திருக்கக் கூடுமோ என்று தன்னையே ஐயுறவும் செய்கிறான். அந்நாட்களில் இருவரும் தோளோடு தோள் நின்று உழைக்கும்போது, எவர் மேலானவர் என்று கேட்டால் எங்கள் வீட்டில் நால்வருமே லைட் என்றுதான் சொன்னோம். குறிப்பேட்டை மீண்டும் தொட்டு நினைவுகள் திரும்பிய கணத்தில், அந்த நல்லவன் மறைகிறான். மகன் அன்று, “அய்யோ, தொடாம இருந்திருக்கலாமே” என்று வாய்விட்டுச் சொன்னான்.

இருவரும் அதிகாரம் உடையவர்களே. எல்லின் சொல்லுக்குப் பல நாட்டுக் காவல் துறைகள் பணிகின்றன. எனினும் அவன் முடிவெடுக்கும் அறையில் வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். சொய்ச்சிரோ கோபிக்கிறார், மறுக்கிறார். குழுவினர் கேள்வி கேட்கிறார்கள். எல் பல வேளைகளில் எரிச்சலுடனேனும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. லைட்டோ தாழிட்ட அறையில் தனியே முடிவெடுக்கிறான். அவனருகில் இருக்கும் ரியூக் என்னும் மரண தேவதை, ஆப்பிள் தின்றபடி வேடிக்கை பார்க்குமேயன்றி ‘வேண்டாம்’ என்று ஒருமுறையும் சொல்வதில்லை. ‘இது சரியா’ என்று கேட்க ஆளில்லாத இடத்தில் பிறந்த முடிவுகளே அவனை அழித்தன.

பெற்றோராகிய எங்களை மிகவும் வருத்தியவர் சொய்ச்சிரோதான். நேர்மையான அதிகாரி, அன்பான தந்தை. தன் வீட்டினுள் கேமரா வைக்க அவரே இசைகிறார். திரையில் தெரிவது என்ன? சிப்ஸ் கொறித்தபடி பாடம் எழுதும் மகன். அந்தப் பொட்டலத்துக்குள் ஒரு சிறு தொலைக்காட்சி இருப்பதும், அதில் கண்ட பெயர்களை அவன் எழுதிக்கொண்டிருப்பதும் எந்தக் கேமராவுக்கும் தெரியவில்லை. பிள்ளையின் கை என்ன செய்கிறது என்பதைக் காட்டக் கருவிகள் உண்டு. அவன் மனம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட இல்லை. தன் மகன் கிரா அல்லன் என்ற நம்பிக்கையுடனேயே அந்தத் தந்தை உயிர் துறக்கிறார். அந்தப் பகுதி முடிந்த இரவில் எங்கள் இருவருக்கும் நெடுநேரம் பேச்சே எழவில்லை.

இவ்விருவரும் நம் தெருவில் வாழ்ந்திருந்தால் யாரைக் காட்டி, ‘இவனைப் போல் இரு’ என்று பிள்ளைகளிடம் சொல்லியிருப்போம்? ஐயமின்றி லைட்டைத்தான். பெரியவர்களிடம் பணிவு, தங்கையிடம் பரிவு, தேசிய அளவிலான மாதிரித் தேர்வில் முதலிடம். நாற்காலியில் குத்துக்காலிட்டு அமர்ந்து ஓயாமல் இனிப்புத் தின்னும் எல்லைக் கண்டால், ‘ஒழுங்காக உட்கார்’ என்போம். தேர்வறையில் கண்காணிப்பாளர் சொன்னதும் அதையேதான். மதிப்பெண்ணும் உடையும் பணிவும் நல்லவையே. எனினும் ‘நான் நினைத்தது தவறாக இருக்கலாம்’ என்று ஒரு பிள்ளையால் சொல்ல முடிகிறதா என்பதை அவை காட்டுவதில்லை. எப்போதும் முதலிடம் பெறும் பிள்ளைக்கு அச்சொல்லைப் பழகும் வாய்ப்பே குறைவு.

தொடர் முடிந்து சில நாட்களுக்குப் பின், உணவு உண்டுகொண்டிருக்கையில் மகன் தானாகவே சொன்னான்: “ஆரம்பத்துல தூக்கம் வராம பயந்துட்டு இருந்தானே, அப்பவே வீட்ல யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

அச்சொல் எங்கள் இருவரையும் விட்டு அகலவில்லை. சொல்லியிருக்கலாம், ஆனால் யாரிடம் சொல்வான்? அந்த வீட்டில் எல்லோரும் அவனை நேசித்தார்கள். எல்லோருக்கும் அவன் பெருமையாகவும் இருந்தான். பெருமையாக மட்டுமே அறியப்பட்ட பிள்ளை, நடுங்கும் கைகளோடு வந்து நிற்க அந்த வீட்டில் ஓர் இடம் இருந்ததா என்பதைத் தொடர் காட்டவில்லை. நம் வீடுகளில் அந்த இடம் இருக்கிறதா என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வரவிருக்கும் தேர்வு முடிவு எதுவாயினும், ‘எனக்குப் பயமாக இருக்கிறது, நான் தவறு செய்துவிட்டேன்’ என்று எங்கள் பிள்ளை சொல்லும் நாளில், அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்பது என்று நாங்கள் இருவரும் எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.